சாத்திய கதவும் ஒரு வீடியோவும்

அந்த வீடியோவை நான் முதலில் பார்த்தது மின்சார ரயிலில். அம்பத்தூரில் ஏறி, உட்கார இடம் கிடைத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அண்ணனூர் தாண்டும்போது பக்கத்தில் இருந்த பெண்மணி தன் போனைத் தோழியிடம் நீட்டி, "இதப் பாரேன், இந்த நர்ஸுக்கு எவ்ளோ திமிரு!" என்றார். ஓரக்கண்ணால் பார்த்தேன். திரையில் இருந்தது என் ஸ்டாஃப் நர்ஸ் கலைச்செல்வியின் முகம்.

சத்தம் நன்றாகவே கேட்டது. ஒரு பையனின் குரல் உடைந்து உடைந்து வந்தது. "பாருங்க மக்களே, உள்ள என் தங்கச்சி துடிச்சிகினு கீறா. இந்தம்மா கதவ சாத்திகினு இன்னா பண்ணுதுன்னே தெரில." கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியே, கலைச்செல்வி ஒரு கட்டிலின் மேல் குனிந்து ஏதோ பேசுவது தெரிந்தது. பிறகு கதவு திறந்தது. அவள் வெளியே வந்து, "நீங்க உள்ள வரக்கூடாது. அவங்க சொன்னாதான் யாரா இருந்தாலும் விடுவேன்" என்றாள். அதோடு வீடியோ முடிந்தது. கீழே, 'உயிருக்குப் போராடும் பெண்ணின் குடும்பத்தை விரட்டும் நர்ஸ்' என்று எழுதியிருந்தது.

"இவளயெல்லாம் வேலைய வுட்டே தூக்கணும்" என்றார் தோழி.

எனக்கு நாக்கு நுனி வரை பதில் வந்தது. விழுங்கிவிட்டேன். ஆவடி வந்ததும் இறங்கி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன்.

செவிலியர் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. நான் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊசி எப்படிப் போடுவது, டியூட்டி எப்படி ஒப்படைப்பது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குள் நான் போகப் போவதில்லை. கையில் போனும், மனசில் கோபமும், வாயில் ஓர் உண்மையும் ஒரே நேரத்தில் இருக்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் பணிக்காலத்தில் நான் மிகவும் பெருமைப்படும் நாட்கள் அந்த வீடியோவுக்குப் பிறகு வந்த நாட்கள்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதலில் நான் தேடியது கலைச்செல்வியை அல்ல, வீடியோவில் கட்டிலில் கிடந்த அந்தப் பெண்ணை. ஐசியூவில் இருந்தாள். அறுவை சிகிச்சை முடிந்து, ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பிரஷர் நிலையாக இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். அவளுடைய அம்மா வெளியே பெஞ்சில் முந்தானையால் முகத்தை மூடிப் படுத்திருந்தார். எந்தக் கூட்டம் வந்தாலும் என்ன கூச்சல் நடந்தாலும் நம் முதல் வேலை கட்டிலில் இருக்கும் ஆளைப் பார்ப்பது. போனில் நடப்பது அப்புறம்.

பிறகு முந்தைய நாள் டியூட்டியில் இருந்த டாக்டரிடம் பேசினேன். நடந்தது இதுதான். பெண் கல்லூரி முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், சட்டப்படி மேஜர். சாயங்காலம் தாங்க முடியாத வயிற்று வலி. அண்ணன் பூந்தமல்லியில் ஒரு பட்டறையில் வேலை செய்பவன். செய்தி கேட்டு, மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்த சாலையில் மாட்டி, தவித்து, ஒருவழியாக வீட்டுக்கு வந்து, தங்கையையும் அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். கேஷுவால்ட்டிக்குள் வரும்போதே அவளுக்கு நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது.

கலைச்செல்வி கையில் ஊசி ஏற்றும்போது அந்தப் பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "எங்க அண்ணன, அம்மாவ வெளிய அனுப்புங்கக்கா. கதவ சாத்துங்க" என்றாளாம். கலைச்செல்வி உடனே எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அந்தப் பெண் ஒரு விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் யாருக்கும் சொல்லக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். அந்த விஷயம் தெரிந்ததால்தான் டாக்டருக்கு எங்கே ரத்தம் கசிகிறது என்று உடனே பிடிபட்டது. சம்மதக் கையெழுத்தை அவளே போட்டாள். வீட்டாரிடம் டாக்டர், வயிற்றுக்குள் ரத்தக் கசிவு, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று சொன்னார். அது உண்மை. ஏன் கசிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் சொன்னது என்ன என்று உங்களிடமும் நான் சொல்லப் போவதில்லை. இப்போதே உங்கள் மனசில் ஓர் ஊகம் ஓடியிருக்கும். அது சரியா தப்பா என்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை, உறுப்பின் பெயரைச் சொல்லவில்லை. அப்படியும் நீங்கள் ஊகித்துவிட்டீர்கள். ஊரும் அப்படித்தான் ஊகிக்கும். அன்று காலை எங்களுக்கு வந்த சோதனை முழுக்க இதில்தான் இருந்தது.

சேர்மன் டாக்டர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அவர்தான் ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர், நல்ல சர்ஜன், முன்கோபி. பக்கத்தில் விக்னேஷ் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியின் சமூக ஊடகப் பக்கங்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பையன். ஐடி கம்பெனியில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவன். ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"மேடம், நேத்துல இருந்து நம்ம பேஜ்ல திட்டுதான் வருது. கலைச்செல்வி சிஸ்டரோட பேரு, அவங்க படிச்ச காலேஜ், எல்லாத்தையும் தேடி எடுத்துட்டாங்க. அவங்க சாதி என்னன்னு கூட ஒரு இடத்துல பேசிட்டு இருக்காங்க" என்றான்.

சேர்மன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "அறிக்கை தயார். படிச்சுட்டு ஓகே சொல்லுங்க. பதினொரு மணிக்குள்ள போட்டுடணும்."

படித்தேன். அந்தப் பெண்ணின் உயிரைக் காப்பாற்றிய விவரமெல்லாம் நன்றாக எழுதியிருந்தது. நடுவில் ஒரு வரி வந்தது. 'நோயாளி தன் உடல்நிலை குறித்த ஒரு தனிப்பட்ட விஷயத்தைக் குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால்...'

"இந்த வரி வேண்டாம் சார்" என்றேன்.

"அந்த வரிதான் மேடம் விஷயமே! அது இல்லன்னா கதவ ஏன் சாத்தினோம்னு எப்படி சொல்றது?"

"சொல்லக்கூடாது சார்."

"நோய் பேர போடலையே. அந்தப் பொண்ணு பேரையும் போடல."

"பேரு எதுக்கு சார்? அவ அண்ணன் குரல் வீடியோவுல இருக்கு, தெருவுக்கே அவ யாருன்னு தெரியும். கல்யாணம் ஆகாத பொண்ணு, வயித்து வலி, வீட்டுக்குத் தெரியக்கூடாத தனிப்பட்ட விஷயம். இத படிக்கிறவங்க என்ன நினைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? சாயங்காலத்துக்குள்ள அவ வீட்டு வாசல்ல நின்னு கேப்பாங்க."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "நம்ம மேல துளி தப்பு கிடையாது. உயிரக் காப்பாத்தியிருக்கோம். நம்ம நர்ஸ ஊரே கிழிக்குது. உண்மைய சொல்ல நாம எதுக்கு பயப்படணும்?"

"அந்த உண்மை அந்தப் பொண்ணோடது சார். நம்மகிட்ட அத எடுத்து செலவு பண்ண உரிமை இல்ல."

அவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரி வக்கீலைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். வக்கீல் சுற்றிவளைக்காமல் பேசுகிறவர். "சூப்பரின்டென்டென்ட் சொல்றது சரி. அந்தப் பொண்ணு மேஜர். அவங்க சம்மதம் இல்லாம அம்மாகிட்டயே சொல்ல முடியாது, ஊருகிட்ட எப்படி சொல்லுவீங்க? போலீஸ் எழுத்துல கேட்டா, கேட்ட அளவுக்கு அவங்ககிட்ட பதில் கொடுக்கலாம். அது வேற. அவன் உங்கள திட்டினான்ங்கறதால ரகசியம் காக்குற பொறுப்பு உங்களுக்கு இல்லாம போயிடாது. ஆஸ்பத்திரிக்குள்ள வீடியோ எடுத்து நர்ஸ் முகத்த போட்டதுக்கு சைபர் கிரைம்ல புகார் கொடுங்க. அதுக்கு நான் எழுதித் தரேன்."

போனை வைத்ததும் சேர்மன் என்னைப் பார்த்தார். "சரி, அப்ப நீங்களே சொல்லுங்க, என்ன போடலாம்?"

நான் சொல்லச் சொல்ல விக்னேஷ் தட்டினான். 'எங்களிடம் வரும் எவருடைய சிகிச்சை பற்றியும் நாங்கள் வெளியில் பேசுவதில்லை. எங்கள் செவிலியர் தன் கடமையைச் சரியாகச் செய்தார். நிர்வாகம் முழுமையாக அவருடன் நிற்கிறது.' அவ்வளவுதான்.

"இத எவன் நம்புவான்?" என்றார் சேர்மன்.

"யாரும் நம்ப மாட்டாங்க சார்."

"அப்புறம்?"

"திட்டுவாங்க. வாங்கிப்போம். அந்த இன்னொரு வரியோட அறிக்கை போறதா இருந்தா, என்கிட்ட காட்டினதா மட்டும் வெளிய சொல்லாதீங்க. நாளையில இருந்து நான் இந்த ஆஸ்பத்திரியில இருக்க மாட்டேன்."

மிரட்டுவதற்காகச் சொன்னதல்ல. பணி ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி இருந்தது. அவர் விக்னேஷிடம் திரும்பி, "அந்தம்மா சொன்னதப் போடுடா" என்றார். இன்றைக்கும் அந்த மனிதர்மீது எனக்கு மரியாதை உண்டு. கோபத்தில் இருக்கும் ஒரு முதலாளி தன் பெயர் கெடுவதைச் சகித்துக்கொள்ள ஒப்புக்கொள்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அறிக்கை போனது. நான் சொன்ன மாதிரியே யாரும் நம்பவில்லை. 'மூடி மறைக்கிறார்கள்' என்று புதிதாக ஒரு வசை சேர்ந்தது.

அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளேயே இருந்தது. நர்ஸ்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்தே கொந்தளிப்பு. சாந்தி என்று ஒரு பெண், கலைச்செல்விக்கு உயிர்த்தோழி, நீளமாக ஒரு பதிவு எழுதிக் குழுவில் போட்டு, 'எல்லாரும் இத உங்க பேஜ்ல போடுங்க' என்று கேட்டிருந்தாள். அதில் நோயின் பெயர் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணை எந்த டாக்டர் பார்த்தார், எந்த ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் இருந்தது. எந்த டாக்டர் என்று தெரிந்தால் என்ன நோய் என்று சொல்லத் தெரியாதவர் யார்?

டியூட்டியில் இல்லாதவர்களுக்குப் போன் செய்தேன். இருந்தவர்களை உடை மாற்றும் அறையில் கூட்டினேன். சாந்தி அழுதுகொண்டே நின்றாள்.

"மேடம், அவளப் பத்தி என்னென்னமோ எழுதறாங்க. அவங்கப்பாவுக்கு யாரோ அனுப்பி அவரு போன் பண்ணி அழுதிருக்காரு. நாங்க சும்மா பாத்துட்டு இருக்கணுமா?"

"ஆமாம்மா. பாத்துட்டுதான் இருக்கணும்."

"இது அநியாயம் மேடம்."

"அநியாயம்தான். கலைக்கு நடக்கறது அநியாயம். அத சரி பண்ண அந்தப் பொண்ண தூக்கிப் போட்டா, அது அதவிட பெரிய அநியாயம். அவ நம்மள நம்பிதான் கதவ சாத்தச் சொன்னா. அந்தக் கதவ நாம ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சமா திறந்தா, அவ எங்க போவா?"

சாந்தி போனை எடுத்தாள். குழுவிலிருந்து பதிவை அழித்தாள். யாரும் அதை வெளியே போடவில்லை என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். 'உண்மை தெரியாமல் பேசாதீர்கள்' என்றுகூட எழுத வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். அப்படி எழுதினால் ஏதோ ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது என்று காட்டி, நாமே தோண்ட இடம் கொடுத்த மாதிரி. புதியவர்களான நீங்கள் இதை நன்றாக மனதில் வையுங்கள். ரகசியத்தை முழுசாக யாரும் உடைப்பதில்லை. நல்லவர்கள், நல்ல காரணத்துக்காக, ஆளுக்கொரு துண்டாகத்தான் உடைக்கிறார்கள்.

மதியம் கலைச்செல்வி டியூட்டிக்கு வந்தாள். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துப் பெண். நெமிலிச்சேரியில் இரண்டு தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். ஷேர் ஆட்டோவில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். அப்படியும் எதிரில் இருந்தவன் அவளைப் பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தானாம்.

"லீவ் எடுத்துக்கோம்மா" என்றேன்.

"வேணாம் மேடம். லீவ் எடுத்தா தப்பு பண்ணிட்டு ஓடிட்டான்னு சொல்லுவாங்க."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

அவளுக்கு அப்போது ஓர் இடத்தில் கல்யாணம் பேசி, பூ வைத்திருந்தார்கள். "மாப்பிள்ளை வீட்டுல இருந்து பேசினாங்க மேடம். கதவ சாத்திட்டு என்ன பண்ணினன்னு கேட்டாங்க. என் வேலைய பண்ணினேன்னு சொன்னேன். என்ன வேலைன்னு கேட்டாங்க. சொல்ல முடியாதுன்னுட்டேன். எங்ககிட்ட கூட சொல்ல மாட்டியான்னு கோபம். அப்பாவும் அதையேதான் கேக்கறாரு."

"அந்தப் பொண்ணுகிட்ட நான் வேணும்னா பேசிப் பாக்கட்டுமா? உன் வீட்டுக்கு மட்டும் சொல்லிக்க சம்மதம் கேட்டு..."

என் வாக்கியத்தை அவள் முடிக்க விடவில்லை. "வேணாம் மேடம். வயித்த கிழிச்சு தச்சு படுத்திருக்கா. அவகிட்ட போய் எனக்காக சொல்லுன்னு கேட்டா, முடியாதுன்னு சொல்ல அவளால முடியுமா?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் என்னைவிட உயரமாகத் தெரிந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயசுப் பெண். கட்டிலில் கிடப்பவரிடம் கேட்கும் சம்மதம் எப்போது சம்மதம் ஆகாது என்பதை அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கேஷுவால்ட்டிக்கு வேண்டாம், குழந்தைகள் வார்டில் இரு என்று அனுப்பினேன். போய் ஒரு குழந்தைக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

சற்று நேரத்தில் வாசலில் சத்தம். அண்ணன்காரன் நாலைந்து நண்பர்களோடு வந்திருந்தான். கூடவே மைக் பிடித்த ஓர் இளைஞன், யூடியூப் சேனல் நடத்துபவனாம். அவன் ஏற்கெனவே எங்கள் வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து விஷயம் கேட்டிருக்கிறான். வாட்ச்மேன், "கேட்டாண்ட நிக்கிறவன் நைனா நானு. எனக்கு வண்டி வுடுற எடம்தான் தெரியும். டீக்கு தேங்க்ஸ்" என்று அனுப்பிவிட்டார்.

நான் வெளியே போவதற்கு முன் ஐசியூவுக்குப் போனேன். அந்தப் பெண் இப்போது தெளிவாக விழித்திருந்தாள். "உங்க அண்ணன் வந்திருக்காரு. உன்னப் பாக்கணுமாம். உனக்கு இஷ்டம்னா கூட்டிட்டு வரேன். இல்லன்னா டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு சொல்லிடறேன்" என்றேன்.

யோசித்தாள். "வரட்டும் மேடம். நீங்களும் நில்லுங்க."

வாசலில் நான் போய் நின்றதும் எல்லாப் போன்களும் என் பக்கம் திரும்பின. அண்ணன் ஒல்லியான பையன். சட்டையில் கிரீஸ் கறை. கண் சிவந்திருந்தது.

"இன்னா பண்ணீங்க என் தங்கச்சிய? எதுக்கு கதவ சாத்துனீங்க? ஆபரேசன் பண்ணோம்னு சொல்றீங்க, எதுக்குன்னு கேட்டா டாக்டரு 'அவங்களே சொல்லுவாங்க'ன்றாரு. நாங்க யாரு அவளுக்கு? ரோட்டுல போறவங்களா?"

அவன் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை. தங்கை சாகப்போகிறாள் என்று பயந்து, ஒன்றும் புரியாமல், கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தவன் அவன்.

"தம்பி, உங்க தங்கச்சி நல்லா இருக்கா. கண்ணு முழிச்சுட்டா. உங்கள வரச் சொல்றா" என்றேன்.

அவன் முகம் சட்டென்று மாறிவிட்டது. "நெசமாவா?"

"நீங்க மட்டும் வாங்க. ஐசியூ, அதனால போன் உள்ள வரக்கூடாது. உங்க பிரெண்டுகிட்ட கொடுத்துட்டு வாங்க."

மைக்காரன், "அண்ணாத்தே, போன வுட்டுட்டு போவாத. உள்ள உன்ன மெரட்டுவாங்கோ" என்றான். அண்ணன் ஒரு நொடி நின்றான். அப்புறம் போனை நண்பன் கையில் திணித்துவிட்டு என் பின்னால் வந்தான்.

கட்டில் அருகே வந்ததும் அவனால் நிற்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுடைய அம்மாவும் பின்னாலேயே வந்து நின்றார்.

"இன்னாம்மா ஆச்சி உனுக்கு? சொல்லும்மா."

"வவுத்துல ரத்தம் கசிஞ்சிச்சிண்ணா. அந்த சிஸ்டர் உடனே பாத்தாங்க. இல்லன்னா நான் இல்ல."

"அப்புறம் எதுக்கு அந்தம்மா கதவ சாத்திச்சி?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை, தலைகூட ஆட்டவில்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு கஷ்டப்பட்டு நான் சும்மா நின்றதில்லை.

"நான்தான் சாத்தச் சொன்னேன்."

"நீயா? எதுக்கு?"

"எனக்குத் தோணிச்சி. சொன்னேன். அவ்ளோதாண்ணா."

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அம்மா அவன் தோளில் கை வைத்தார். "வுடுடா. பொம்பளப் புள்ள. அவ உசுரோட கீறா இல்ல? போதும். மொதல்ல அந்த நர்ஸம்மா படத்த எடு."

அவன் வெளியே போய் நண்பனிடமிருந்து போனை வாங்கினான். எங்கள் வாட்ச்மேன் முன்னாலேயே வீடியோவை அழித்தான். மைக்காரன் ஏதேதோ கேட்டான். "என் தங்கச்சி நல்லா கீது. நான்தான் அவசரப்பட்டேன். நீ கெளம்பு மச்சான்" என்று சொல்லிவிட்டு, மறுபடி உள்ளே வந்து, கலைச்செல்வியைப் பார்க்க வேண்டும் என்றான்.

அவளைக் கேட்டேன். சம்மதித்தாள். அவன் அவள் முன் தலை குனிந்து நின்று, "தப்புதாங்க்கா. உங்ககூட நின்னு ஒரு வீடியோ போட்டுர்றேன். நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு நானே சொல்றேன்" என்றான்.

கலைச்செல்வி சிரித்துவிட்டாள். அந்த நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். "என் மூஞ்சிய போட்டது போதும்ணா. நீங்க வீடியோ போட்டா கீழ வந்து அவளுக்கு என்ன நோய்னுதான் கேப்பாங்க. அவளப் பாத்துக்கோங்க."

இங்கே நிறுத்தினால் கதை சுபம். ஆனால் உங்களிடம் பாதியைச் சொல்லக்கூடாது. அவன் அழித்த வீடியோவை அதற்குள் எத்தனையோ பேர் நகல் எடுத்திருந்தார்கள். புகார் கொடுத்தோம், சிலது எடுக்கப்பட்டது, சிலது இன்றும் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில், கேட்ட அளவுக்கு மட்டும் பதில் கொடுத்தோம். வந்த அதிகாரியும் அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார், யாரிடமும் பேசவில்லை. கலைச்செல்விக்குப் பேசிய சம்பந்தம் முறிந்துபோனது. அவள் அப்பா ஆஸ்பத்திரிக்கே வந்து என்னிடம், "என் பொண்ணு தப்பு பண்ணலையே மேடம்?" என்று கேட்டார். "உங்க பொண்ணு மாதிரி ஒரு நர்ஸ் என்கிட்ட வேலை செய்யறது எனக்குப் பெருமைங்க" என்றேன். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

சம்பந்தம் முறிந்ததைப் பற்றிக் கலைச்செல்வியிடம் ஒருமுறை கேட்டேன். "சொல்லித்தான் ஆகணும்னு நின்ன வீட்டுக்கு எப்படி மேடம் போறது? நாளைக்கு இன்னொரு பேஷண்ட் சொல்றத வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்லுவாங்க" என்றாள். அழுததை மறைக்கவில்லை. பிறகு அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. இப்போது அவள்தான் கேஷுவால்ட்டி இன்சார்ஜ். உங்களில் சிலர் அவளிடம்தான் வேலை பழகப் போகிறீர்கள்.

அந்தப் பெண்ணின் விஷயம் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது என்று நினைத்துப் பாருங்கள். டியூட்டி டாக்டர், சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் நர்ஸ்கள், லேபில் ரத்தம் பார்த்தவர், ஐசியூ நர்ஸ்கள், பைலைக் கட்டி வைத்தவர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் வீடு இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், போன் இருக்கிறது. 'உங்க ஆஸ்பத்திரிதானே, என்னதான் நடந்துச்சு?' என்று அந்த வாரம் கேட்கப்படாதவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். ஊரே தங்களைக் கேவலமாகப் பேசியபோது, ஒரு வார்த்தையில் ஊர் வாயை அடைக்கும் வழி அவர்கள் கையில் இருந்தது. அந்த வழியில் ஒருவரும் போகவில்லை. பரிசு கொடுக்கும் விழா எதிலும் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்க முடியாது. அதனால்தான் நான் இங்கே சொல்கிறேன்.

இதை எழுதலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். உடம்பு நன்றாக இருக்கிறது. எழுதியதை அனுப்பினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். சில விவரங்களை அவள் சொன்ன மாதிரி மாற்றியிருக்கிறேன். "உங்க அண்ணன் படிச்சா பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"அவனுக்குத் தெரியும் மேடம். போன வருஷம் நானே சொல்லிட்டேன். எப்ப சொல்லணும்னு எனக்குத் தோணிச்சோ அப்ப சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"என் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். அப்புறம், 'இது அந்த நர்ஸம்மாவுக்கு அன்னிக்கே தெரியுமா?'ன்னு கேட்டான். தெரியும்னேன். 'நான் அத்தினி திட்டு வாங்கிக் குடுத்தும் சொல்லலியா?' இல்லன்னேன். 'அங்க அத்தினி பேர் கீறாங்களே, ஒருத்தர் கூடவா வாயத் தொறக்கல?'ன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"ஒருத்தர் கூட இல்லண்ணான்னு சொன்னேன் மேடம்."